‘அவன் அப்படியில்லை’ என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள்

மும்பை தாராவியிலிருந்து ஒரு தாய் எழுதிய ஒன்பது பக்கக் கடிதம் என் மேசையில் இருக்கிறது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

இவருடைய மகனுக்கு 13 வயது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறான். கணவருக்குத் தோல் பட்டறையில் வேலை. இவர் விடிகாலையில் இட்லி அவித்து விற்கிறார். பையன் மெதுவாகப் பேசுபவன். கையை ஆட்டிப் பேசுகிறான், நடையில் நளினம் இருக்கிறது என்று சின்ன வயதிலிருந்தே சொந்தபந்தத்தில் சொல்வார்கள். மார்கழி மாதம் வாசலில் கோலம் போடுவது அவன்தான். போன ஆண்டு விழாவில் ஔவையார் வேஷம் கட்டிக் கைதட்டல் வாங்கினான். ‘நான்தான் அந்தச் சேலையைக் கட்டிவிட்டேன், அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்’ என்று இந்தத் தாய் எழுதியிருக்கிறார்.

அதன் பிறகு வகுப்பில் ‘ஒம்போது’, ‘சக்கா’, ‘பாய்லா’ என்று, நளினமான ஆண்களைக் கேலி செய்யும் பெயர்கள் ஒட்டிக்கொண்டன. டிரில் மாஸ்டர் அவனைப் பெண்கள் வரிசையில் நிற்க வைத்தார். வகுப்பு டீச்சர் ஒருநாள் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது ‘மேடம் வந்தாச்சா?’ என்று கேட்க, வகுப்பே சிரித்தது. இரண்டு மாதத்துக்கு முன் எட்டாம் வகுப்புப் பையன்கள் நான்கு பேர் அவனைக் கழிப்பறையில் மடக்கி, ‘பையனா பொண்ணான்னு பாத்துருவோம்’ என்று கால்சட்டையை இறக்கியிருக்கிறார்கள், தொட்டிருக்கிறார்கள். ஒருவன் கையில் போன் இருந்ததாம். அன்றிலிருந்து பையன் பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்று வந்து ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, வீட்டில் உட்கார வைத்துத் துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

தலைமையாசிரியர் சொன்ன பதில்: ‘பசங்க விளையாட்டும்மா. போக்சோ எல்லாம் பொம்பளப் பிள்ளைகளுக்கு. உங்க பையன ஒழுங்கா நடக்கச் சொல்லுங்க.’ கணவர் பெல்ட்டால் அடித்து, முடியை ஒட்ட வெட்டிவிட்டார். திருநெல்வேலியிலிருந்து பெரியப்பா போன் போட்டு, ஊர் ஹாஸ்டலில் சேர்க்கச் சொல்கிறார், இல்லையென்றால் ஹார்மோன் ஊசி போடும் டாக்டரிடம் காட்டச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் ‘திருநங்கை கார்டு வாங்கிடுங்க, அப்பத்தான் சட்டம் காப்பாத்தும்’ என்கிறார்.

தாயின் கேள்விகள் இவை. டி.சி. வாங்கி வேறு பள்ளியில் போடலாமா? புகார் கொடுத்தால் அந்தப் பையன்களை டோங்ரி சிறார் இல்லத்தில் அடைத்துவிடுவார்களா, அவர்களும் எங்கள் சந்துப் பிள்ளைகள்தானே? காசு வாங்காமல் படிக்க வைக்கிற பள்ளிக்கூடத்தை எங்களைப் போன்றவர்கள் கேள்வி கேட்க முடியுமா? ஊசி போட்டால் சரியாகுமா? ‘கடைசியாக ஒன்று, மேடம். என் பிள்ளை அப்படித்தானா? அது தெரியாமல் நான் எதை வைத்துச் சண்டை போடுவேன்?’

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். மற்ற நான்கும் அதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. உங்கள் மகன் ‘அப்படியா’ என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. 13 வயதில் அவனுக்கே தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். நளினமாக நடக்கிற பையன்களில் பலர் வளர்ந்து, கல்யாணம் முடித்து, பிள்ளை குட்டியோடு இருக்கிறார்கள். சிலர் ஆண்களை விரும்புகிறவர்களாகத் தங்களை அறிகிறார்கள். சிலர் திருநங்கைகளாக வாழ்கிறார்கள். நடையைப் பார்த்து யாரும் ஜாதகம் கணிக்க முடியாது. இதில் எது நடந்தாலும், பள்ளிக் கழிப்பறைக்குப் பயமில்லாமல் போய்வர அவனுக்குள்ள உரிமை கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை. சண்டை போட அந்தப் பதில் உங்களுக்குத் தேவையே இல்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு தகப்பனார் இதே மாதிரி மகனுக்காக என்னிடம் வந்தார். நல்ல மனிதர், மகனுக்காக வேலையை விட்டுவிட்டு அலைந்தவர். அவர் எழுதிக்கொண்டு வந்த மனுவின் முதல் வரி, ‘என் மகன் அப்படிப்பட்டவன் அல்லன்.’ அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன், சம்மதிக்கவில்லை. பள்ளி நடவடிக்கை எடுத்தது, கேலி நின்றது, அவருக்கு நிம்மதி. ஆறேழு வருடம் கழித்து அந்தப் பையன் தனியாக என் அலுவலகத்துக்கு வந்தான். ‘அந்த லெட்டர்ல எங்கப்பா காப்பாத்துன பையன் நான் இல்ல மேடம்’ என்றான். மனுவை அவன் படித்திருக்கிறான். தான் யார் என்பதை வீட்டில் சொன்னால் அந்தப் பாதுகாப்பு போய்விடும் என்று அத்தனை வருடமும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான்.

‘அவன் அப்படியில்லை’ என்று எழுதுவது ‘அப்படி இருந்திருந்தால் நீங்கள் செய்தது சரி’ என்று ஒப்புக்கொள்வது போலத்தான். ஆகவே மனுவில் அதை எழுத வேண்டாம். ‘அவன் அப்படித்தான்’ என்றும் எழுத வேண்டாம், அதைச் சொல்லும் உரிமை அவனுடையது. என்ன நடந்தது, எந்த நாளில், யார், எங்கே, யார் பார்த்தார்கள், இவ்வளவுதான் மனு.

ஔவையார் வேஷத்தையும் நெஞ்சில் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். தமிழ்நாட்டுக் கூத்து மேடைகளில் காலம் காலமாக ஆண்கள்தான் பெண் வேஷம் கட்டினார்கள். சேலை கட்டிவிட்டதால் ஒரு பிள்ளையின் மனம் மாறுவதில்லை. அடுத்த ஆண்டு விழாவிலும் அவன் மேடையேற ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள்.

கழிப்பறையில் நடந்தது வேறு, வகுப்பில் நடப்பது வேறு

உங்கள் கடிதத்தில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. சட்டத்தில் இவை இரண்டு தனிப் பாதைகள். பிரித்துப் பார்த்தால்தான் எதில் உங்களுக்குத் தேர்வு இருக்கிறது, எதில் இல்லை என்பது தெரியும்.

கழிப்பறை விஷயத்தில் தலைமையாசிரியர் சொன்னது தவறு. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்குமானது. ஆண் குழந்தை, பெண் குழந்தை என்ற பிரிவே அதில் கிடையாது. பாலியல் நோக்கத்தோடு குழந்தையின் அந்தரங்க உறுப்பைத் தொடுவது 7-ஆம் பிரிவில் வருகிறது. உடம்பைக் காட்ட வைப்பது, பாலியல் சொற்களாலும் சைகைகளாலும் சீண்டுவது 11-ஆம் பிரிவு. ‘விளையாட்டாகச் செய்தோம், பாலியல் நோக்கம் இல்லை’ என்று அந்தப் பையன்கள் தரப்பில் வாதம் வரும். வரட்டும். நோக்கம் இருந்ததா என்பதை, சிறுவர்கள் மீதான புகார்களை விசாரிக்கும் இளைஞர் நீதி வாரியம்தான் தீர்மானிக்க வேண்டும், தலைமையாசிரியர் தன் அறையில் உட்கார்ந்தபடி தீர்மானிக்க முடியாது.

இங்கே நான் மறைக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. குழந்தைக்கு எதிராக இப்படியொரு குற்றம் நடந்தது தெரிந்தால் போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம் என்கிறது போக்சோவின் 19-ஆம் பிரிவு. தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு. இது தலைமையாசிரியரைக் கட்டும், மருத்துவரைக் கட்டும், மனநல ஆலோசனை தரும் கவுன்சிலரைக் கட்டும், கண்டிப்பாகப் பார்த்தால் உங்களையும் கட்டும். 2022 நவம்பரில், நம் மகாராஷ்டிரத்திலேயே ஒரு பள்ளி விடுதி தொடர்பான வழக்கில், தெரிவிக்காமல் இருப்பது கடுமையான குற்றம் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், ஒரு மருத்துவர் மேல் போட்ட வழக்கை ரத்து செய்த உத்தரவையே நீக்கியது. எனவே கழிப்பறை விஷயத்தில் ‘புகார் கொடுக்கலாமா, வேண்டாமா’ என்று யோசிக்க இடம் குறைவு. எப்படிக் கொடுப்பது, பையனை எப்படித் தயார் செய்வது என்பதை யோசியுங்கள்.

முதலில் அவனிடம் பேசுங்கள். போலீசிடம் சொல்லப் போகிறோம் என்பதை அவனுக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். ஒருமுறை அவன் உடம்பைப் பற்றி அவனைக் கேட்காமல் நான்கு பேர் முடிவெடுத்தார்கள், வீட்டிலும் அது நடக்க வேண்டாம். அவனுடைய வாக்குமூலத்தை வீட்டிலேயே வந்து எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். இயன்றவரை சப் இன்ஸ்பெக்டர் தரத்துக்குக் குறையாத பெண் அதிகாரிதான் எடுக்க வேண்டும், அவர் சீருடையில் வரக் கூடாது, நீங்கள் பக்கத்தில் இருக்கலாம். உங்கள் மகன் தமிழில் சொல்ல விரும்பினால் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அரைகுறை இந்தியில் சொல்லி, அது மராத்தியில் எழுதப்பட்டு, கடைசியில் பிள்ளை சொன்னதே வேறாகிப் போன வாக்குமூலங்களை நான் பார்த்திருக்கிறேன். தமிழில் சொல்லவே வற்புறுத்துங்கள். அவன் பெயரும் படமும் எந்தப் பத்திரிகையிலும் வரக் கூடாது, அது தனிக் குற்றம். ஆஸ்பத்திரிச் சீட்டுகள், மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டு வையுங்கள்.

அந்த போன். யாராவது ‘அந்த வீடியோ என்கிட்ட இருக்கு, அனுப்பவா?’ என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சாட்சிக்கு ஆகும் என்று நினைத்து வாட்சாப்பில் வாங்கிக் கணவருக்கும் பெரியப்பாவுக்கும் அனுப்பிவிடும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். குழந்தையை அப்படிக் காட்டும் படத்தைப் பகிர்வதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம். அதை அழிக்காமலும் தெரிவிக்காமலும் போனில் வைத்திருப்பதும் போக்சோவில் குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. யாரிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டீர்களோ அந்தப் பெயரை மட்டும் போலீசிடம் சொல்லுங்கள். போனைக் கைப்பற்றுவது அவர்கள் வேலை.

அந்தப் பையன்கள் டோங்ரிக்குப் போவார்களா?

இந்தக் கேள்வியைப் படித்தபோது உங்கள் மேல் எனக்கு மரியாதை கூடியது. தன் பிள்ளையை இப்படிச் செய்தவர்களைப் பற்றியும் கவலைப்பட எல்லாத் தாய்க்கும் மனம் வராது.

மும்பையில் சேட்டை செய்யும் பிள்ளையை ‘டோங்ரியில் போட்டுருவேன்’ என்று மிரட்டியே நாம் வளர்த்திருக்கிறோம், அதனால் இந்தப் பயம். எட்டாம் வகுப்புப் பையன்களை ஜெயிலில் போட முடியாது. அவர்கள் விஷயம் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி இளைஞர் நீதி வாரியத்தின் முன் போகும். ஏழு ஆண்டும் அதற்கு மேலும் குறைந்தபட்சத் தண்டனை உள்ள கொடுங்குற்றம் இல்லாதவரை, சிறுவர்கள் மேல் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்ய வேண்டாம், பொது நாட்குறிப்பில் எழுதிச் சமூகப் பின்னணி அறிக்கையோடு வாரியத்துக்கு அனுப்பினால் போதும் என்பது 2016-ஆம் ஆண்டு விதி. நீங்கள் எழுதிய அளவில் பார்த்தால் இந்த விஷயம் அந்த வகையில் வரும். பெற்றோரை வரவழைத்துக் கண்டித்து அனுப்புவது, கவுன்சிலிங், சமூக சேவை என்பவையெல்லாம் வாரியத்தின் கையில் இருக்கும் வழிகள். பிற்காலத்தில் வேலைக்கோ படிப்புக்கோ இது தகுதிக் குறைவாகவும் வராது.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். சந்தில் பேச்சு வரும், அந்தத் தாய்மார்கள் முகம் திருப்புவார்கள், சமாதானம் பேச யாராவது வருவார்கள். காசு வாங்கிக்கொண்டு சமாதானம் ஆவதை ஒருபோதும் ஏற்காதீர்கள். நேராக மன்னிப்புக் கேட்கிறோம் என்று வந்தால், அதைக் கேட்க உங்கள் மகனுக்கு விருப்பமா என்று முதலில் அவனிடம் கேளுங்கள்.

பள்ளியிடம் எப்படிக் கேட்பது

‘காசு வாங்காமல் படிக்க வைக்கிற பள்ளிக்கூடத்தை’ என்று எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, அது தர்மச் சத்திரம் இல்லை. 6 முதல் 14 வயது வரை இலவசக் கல்வி என்பது அரசியல் சாசனம் உங்கள் பிள்ளைக்குக் கொடுத்த அடிப்படை உரிமை. இன்னொன்றும் சொல்கிறேன். தனியார் பள்ளியை விட மாநகராட்சிப் பள்ளியில் உங்கள் கை பலமானது. மாநகராட்சி என்பது அரசின் அங்கம், அடிப்படை உரிமைகள் அதை நேரடியாகக் கட்டும். பாலினம் காரணமாக அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்கிற சாசனத்தின் 15-ஆம் விதியில் பாலின அடையாளமும் அடங்கும் என்று 2014 ஏப்ரல் 15-ஆம் தேதி, திருநர் உரிமை பற்றிய நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தன்பாலுறவு குற்றமில்லை என்று 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி வந்த நவ்தேஜ் சிங் ஜோஹர் தீர்ப்பு, பால் ஈர்ப்பு காரணமாகப் பாகுபாடு காட்டுவதும் ‘ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி’ என்ற வார்ப்புகளை வைத்து ஒருவரை நடத்துவதும் அந்த விதியை மீறும் என்றது. உங்கள் மகனைப் பெண்கள் வரிசையில் நிறுத்திய அந்த நிமிடம் இதற்கு நேர் உதாரணம்.

டிரில் மாஸ்டரும் வகுப்பு டீச்சரும் செய்ததற்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இருக்கிறது. எந்தக் குழந்தையையும் உடலால் தண்டிக்கவோ மனத்தால் துன்புறுத்தவோ கூடாது, மீறினால் துறை நடவடிக்கை. கார்டு, சான்றிதழ், டாக்டர் கடிதம் எதுவும் இதற்கு வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டமும் பள்ளிகளில் பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆனால் அதைப் பிடித்துக்கொள்வதற்காகப் பிள்ளை கேட்காத ஓர் அடையாளத்தை அவன் பெயரில் பதிவு செய்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். அந்தச் சட்டம் தேவைப்படும் காலம் வந்தால் உங்கள் மகனே சொல்வான்.

மனுவைத் தலைமையாசிரியருக்குத் தமிழிலும், மாநகராட்சிக் கல்வித் துறையின் ஏ.ஓ. (நிர்வாக அதிகாரி) அலுவலகத்துக்கு மராத்தியிலும் கொடுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் சீலும், மனுவைப் பெற்றதாகப் பதிவு செய்யும் இன்வர்ட் நம்பரும் வாங்காமல் திரும்பாதீர்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி எழுத்துப் புகாரை மூன்று மாதத்துக்குள் மாநகராட்சி முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால், அல்லது முடிவு திருப்தி இல்லையென்றால், மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் பாதுகாப்புக்குச் ‘சகி சாவித்ரி’ குழு அமைக்க மகாராஷ்டிர அரசு 2022-இல் ஆணையிட்டது, புகார்ப் பெட்டி அதற்கும் முன்பிருந்தே கட்டாயம். 2024 ஆகஸ்டில் பத்லாப்பூர் பள்ளியில் சிறுமிகளுக்கு நடந்த பாலியல் கொடுமை வெளிவந்த பிறகு இவற்றையெல்லாம் அரசு மறுபடி முடுக்கிவிட்டது. உங்கள் பள்ளியில் அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று மனுவிலேயே கேளுங்கள். குழுவே இல்லையென்றால் அந்தக் கேள்விக்குப் பிறகு அமைத்துவிடுவார்கள்.

என்ன வேண்டும் என்பதையும் தெளிவாக எழுதுங்கள். ‘தக்க நடவடிக்கை எடுக்கவும்’ என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. டிரில் வரிசையில் அவனை வழக்கம் போல நிறுத்த வேண்டும். ஆசிரியர்கள் அவனை அவன் பெயரால் மட்டுமே கூப்பிட வேண்டும். இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் ஓர் ஆசிரியர் நிற்க வேண்டும். அந்தச் சொற்களை வகுப்பில் யார் சொன்னாலும் டீச்சர் அந்த இடத்திலேயே தடுக்க வேண்டும், சிரித்துவிட்டுப் போகக் கூடாது. என் அனுபவத்தில் இந்தக் கடைசி ஒன்றுதான் நிலைமையை மாற்றும். ஆசிரியர் ஒருமுறை சிரித்தால் வகுப்புக்கு அது அனுமதிச் சீட்டு. அவர் ஒருமுறை முகம் மாறி ‘இந்த வார்த்தை என் கிளாஸ்ல வேண்டாம்’ என்றால் பாதிப் பிள்ளைகள் அன்றே நிறுத்திவிடுவார்கள்.

கோபத்தில் ‘அந்த நான்கு பேரையும் பள்ளியை விட்டு நீக்குங்கள்’ என்று எழுத வேண்டாம். எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் நீக்க முடியாது, கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு தடுக்கிறது. அந்த ஒரு கோரிக்கையைக் காட்டியே மொத்த மனுவையும் ஓரமாக வைத்துவிடுவார்கள். பள்ளி நிர்வாகக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அங்கே பேசும்போது மகன் பெயரைச் சொல்லாமல், எல்லாப் பிள்ளைகளுக்குமான விதியாகக் கேளுங்கள். குண்டாக இருக்கிற பிள்ளை, திக்கிப் பேசுகிற பிள்ளை, சாதிப் பேர் சொல்லிச் சீண்டப்படுகிற பிள்ளை, இவர்களின் தாய்மாரும் உங்கள் பக்கம் வருவார்கள்.

வக்கீலுக்குக் காசில்லையே என்று கவலை வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100-ஐக் கூப்பிடுங்கள்.

டி.சி., ஊர் ஹாஸ்டல், ஊசி

டி.சி. வாங்குவது உங்கள் உரிமை, தவறில்லை. அந்தப் பள்ளி வாசலை மிதிக்கவே அவன் உடல் நடுங்குகிறது என்றால் நாளைக்கே மாற்றுங்கள், வழக்கு அதனால் கெடாது. ஆனால் அதை முதல் வழியாக நினைக்காதீர்கள். தமிழ்வழிப் பள்ளிகள் இந்த நகரத்தில் விரல் விட்டு எண்ணும் நிலைக்கு வந்துகொண்டிருக்கின்றன. இன்னொரு பள்ளி என்றால் இன்னொரு மொழி அல்லது தொலைதூர பஸ். செய்தவர்கள் அங்கேயே இருக்க, பட்டவன் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் அவன் மனத்தில் என்ன பதியும் என்பதையும் யோசியுங்கள்.

ஊர் ஹாஸ்டல் வேண்டவே வேண்டாம். பகலில் கழிப்பறையில் நடந்தது அங்கே இரவிலும் நடக்கலாம், ஓடிவர அம்மா பக்கத்தில் இருக்க மாட்டாள். தமிழ்நாட்டில் பாலினச் சிறுபான்மை இளைஞர்களிடம் யுனெஸ்கோ நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் அடி உதை பட்டதாக 60 சதவீதம் பேர் சொன்னார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இந்தத் தொல்லையால் படிப்பையே விட்டிருக்கிறார். ஊருக்கு அனுப்பினால் பிரச்சினை கண்ணுக்கு மறையும், பிள்ளைக்குத் தீராது.

ஊசி பற்றிப் பெரியப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: இது நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2018-இல் இதைத் தெளிவாகச் சொன்னது. ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்ற சிகிச்சையைத் தடுக்க வேண்டும் என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அதை மருத்துவர் செய்யும் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. நடையை மாற்ற வளரும் பையனுக்கு ஹார்மோன் ஊசி போடுகிற டாக்டர் இருந்தால், அவர் மேலேயே புகார் கொடுக்கலாம்.

உங்கள் மகனுக்கு வேறு வகை உதவி தேவை. தண்ணீர் குடிக்காமல் ஆறு மணி நேரம் அடக்கிக்கொண்டிருக்கிற குழந்தையின் பயத்தைப் பேசித்தான் கரைக்க முடியும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலும் பேசலாம். மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஐகால் தொலைபேசி ஆலோசனையும் இருக்கிறது. கவுன்சிலரிடம் போகும்போது ‘இவனை மாத்திக் குடுங்க’ என்று கேட்காதீர்கள், ‘இவன் பயத்தைப் போக்குங்க’ என்று கேளுங்கள்.

கணவரைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். அவர் அடித்தது தவறு, அது தொடர்ந்தால் அதுவும் சட்டத்தின் கண்ணில் குற்றம்தான். ஆனால் பட்டறையில் நாலு பேர் கேட்பார்கள் என்ற அவமானமும், பிள்ளையைக் காப்பாற்றத் தெரியாத பயமும் சேர்ந்து அந்த பெல்ட்டைத் தூக்கியிருக்கும் என்று நினைக்கிறேன். கழிப்பறையில் நடந்ததை அவரிடம் முழுதாகச் சொன்னீர்களா? உங்கள் கடிதத்தில் அது தெளிவாக இல்லை. ‘பையன் நடை சரியில்லை’ என்று மட்டும் தெரிந்த அப்பா வேறு, ‘நாலு பேர் என் மகனை மடக்கினார்கள்’ என்று தெரிந்த அப்பா வேறு. மனுவில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அப்பா கையெழுத்தைப் பார்க்கும்போது பையனுக்கு என்ன தோன்றும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மனு எழுத உங்களுக்கு இரண்டு மூன்று நாளாகும். அதற்குள் செய்ய ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் அவனோடு பள்ளிக்குப் போய், ‘டாக்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார், இவனுக்கு வகுப்பு நேரத்தில் போய்வர அனுமதியும் ஆசிரியர் கழிப்பறைச் சாவியும் வேண்டும்’ என்று ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். இதை மறுக்கத் தலைமையாசிரியருக்கு வழியில்லை. பையில் தண்ணீர் பாட்டிலை நிரப்பி வையுங்கள். சாயங்காலம் அவன் வந்ததும் வேறெதையும் கேட்காமல் அந்தப் பாட்டிலைப் பாருங்கள். இன்வர்ட் நம்பர் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள்.